ஹீலியம் கற்றைக்கு எந்த ஆடி?

கேள்வி: ஒளிக்குப் பதில் ஹீலியம் அணுக்களால் படமெடுக்கும் ஹீலியம் அணுக்கற்றை நுண்ணோக்கியில் கற்றையைக் குவிக்க, நன்றாக மெருகேற்றிய உலோக ஆடி போதாதா?

பதில்: போதாது. அறை வெப்பநிலை ஹீலியம் கற்றையின் அலைநீளம் சுமார் 0.057 நானோமீட்டர்தான். ஒளிக்கு வழவழப்பான ஆடியும் இதற்குக் கரடுமுரடு. அணுக்கள் நாலாபக்கமும் சிதறிவிடும். ஹீலியம் மின்னேற்றமற்றது, திண்மத்துக்குள் நுழையாது என்பதால் லென்ஸும் உதவாது. ஆகவே ஆடி வேண்டுமென்றால், அணுக்கள் முழுக்க ஒரே ஒழுங்கில் அடுக்கிய ஒற்றைப்படிகத்தை வளைப்பதே வழி.

1997இல் ஹோல்ஸ்ட், அலிசன் என்ற இரு ஆய்வாளர்கள் ஹைட்ரஜன் பூசிய சிலிக்கான் (111) மெல்தகட்டை ((111) என்பது படிகத்தை வெட்டிய தளத்தின் பெயர்) மின்னழுத்தத்தால் வளைத்துக் கற்றையைக் குவித்துக் காட்டினார்கள். பரப்பைத் தயாரிக்க, ஆக்சைடை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் நீக்கி, 40 சதவீத அம்மோனியம் ஃபுளோரைடில் சில நிமிடம் வைப்பார்கள். (அமிலம் மிக ஆபத்தானது, பயிற்சியும் பாதுகாப்பும் இல்லாமல் தொடவே கூடாது.) கரைசலில் ஆர்கான் குமிழ்கள் விட்டுக் கரைந்த ஆக்சிஜனை முதலில் வெளியேற்ற வேண்டும், தவறினால் பரப்பில் குழிகள் விழும். படிகத்தை வெட்டும் கோணமும் முக்கியம். 0.1 டிகிரி பிசகினாலே பரப்பில் சுமார் 180 நானோமீட்டருக்கு ஒரு படி (அணு அளவிலான மேடு) வந்துவிடும். ஒவ்வொரு படியும் அணுக்களைச் சிதறடிக்கும்.

தகட்டை வளைக்கும் மின்முனையின் மின்புலம் அதை இழுக்கத்தான் செய்யும், தள்ளாது. மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றுங்கள். அளவு மீறினால் தகடு மின்முனையில் ஒட்டிக்கொள்ளும், உடையவும் கூடும்.

இந்தச் சிலிக்கான் பரப்பு கண்ணாடிபோல் திருப்புவது அணுக்களில் மிகச் சிறு பங்கையே. ருதீனியம் என்ற உலோகத்தின் மேல் வளர்த்த கிராஃபீன் (ஓர் அணு தடிமனுள்ள கரிமப் படலம்) ஏறத்தாழ 20 சதவீதம் திருப்பும், காற்றுப் பட்டாலும் கெடாது. இன்று தொடங்குபவருக்கு அதையே பரிந்துரைப்பேன். படிகத்தைக் குளிர்வித்தால் அணு அதிர்வு குறைந்து எதிரொளிப்பு இன்னும் கூடும்.