அரிசியைக் கழுவினால் ஆர்சனிக் போகுமா?

கேள்வி: அரிசியில் ஆர்சனிக், காட்மியம் மாதிரி நச்சுப் பொருள்கள் எல்லாம் இருக்கிறது என்று படித்ததிலிருந்து ஐந்தாறு தடவை கழுவித்தான் உலையில் போடுகிறேன். இது போதுமா? தீட்டாத அரிசிக்கு மாறிவிடட்டுமா?

பதில்: கழுவினால் தூசு போகும், தூசோடு ஒட்டிய ஈயமும் கொஞ்சம் போகும். ஆர்சனிக் அப்படிப் போகாது. அது மேலே ஒட்டிய அழுக்கில்லை, பயிர் வேரால் உறிஞ்சி மணிக்குள் சேர்த்தது. நெற்பயிருக்குச் சிலிக்கான் நிறைய வேண்டும், அதற்காக வேர் திறந்து வைத்திருக்கும் வாசலிலேயே ஆர்சனிக்கும் நுழைந்துவிடுகிறது. அதுவும் தண்ணீர் தேங்கிய வயலில், மண்ணுக்குள் காற்று இல்லாமல் போய், இரும்புத் துகள்கள் பிடித்து வைத்திருந்த ஆர்சனிக் கரைந்து வேருக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும்.

சரி, காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் பாய்ச்சி விட்டால்? ஆர்சனிக் குறையும், ஆனால் மண்ணில் காட்மியம் இருந்தால் வயல் காயும்போது அது ஏறும். இந்த இழுபறிதான் விவசாயிக்குத் தலைவலி. காட்மியம் லேசுப்பட்டதும் இல்லை, சிறுநீரகத்தில் பத்து வருடத்துக்கு மேல் தங்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவு கலந்த நீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு மெலிந்து முறிந்தது. அந்த நோய்க்குப் பெயரே 'இதாய் இதாய்', அதாவது 'வலிக்குது வலிக்குது'. காரணம் காட்மியம்தான் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968இல்.

தீட்டாத அரிசி, இந்த ஒரு விஷயத்தில் மட்டும், உங்களுக்கு உதவாது. ஆர்சனிக் தவிட்டில்தான் அதிகம் சேர்கிறது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ்கூட கனிம ஆர்சனிக்குக்கு (ஆர்சனிக்கில் நச்சு அதிகமான வகை) தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், தீட்டாததில் 0.35 என்று தனித்தனி வரம்பு வைத்திருக்கிறது. நார்ச்சத்துக்காகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் சாப்பிடுங்கள், தினமும் மூன்று வேளையும் வேண்டாம், அவ்வளவுதான்.

கழுவுகிற நேரத்தை வடிக்கச் செலவழியுங்கள். ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்கு தண்ணீருக்குக் குறையாமல் வைத்து வேகவைத்து வடித்தால், கனிம ஆர்சனிக் ஏறக்குறைய பாதி வரை வடிநீரோடு போகும். கூடவே பி வைட்டமின்களும் கொஞ்சம் போகும், அதைத் தடுக்க வழியில்லை. காட்மியம் இதற்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காது. கைக்குழந்தை இருந்தால் அரிசிக் கூழை மட்டுமே கொடுக்காமல் வேறு தானியங்களையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள், எடைக்கு எடை பார்த்தால் அவர்கள் சாப்பிடுவதுதான் அதிகம்.

அப்புறம், உங்கள் கிணற்று நீரிலேயே ஆர்சனிக் இருந்தால் வடித்தும் பயனில்லை, வேகும்போது அரிசி அதையும் இழுத்துக்கொள்ளும். முதலில் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள்.