ரிலே விடாமல் நிற்கிறதுக்கு கோட் காரணமில்லை

தம்பி, ஈஎஸ்பி32 எண்ட சின்னக் கொன்ட்ரோலர் போட்டில நாலு ரிலே (மின்சாரத்தால இயங்கிற சுவிச்) மொடியூல் பூட்டி முத்தத்து லைற் போடுறியள், ஓஃப் குடுத்தாலும் சிவப்பு எல்ஈடி மங்கலா எரிஞ்சு ரிலே விடுகுதில்லை எண்டு கேட்டிருந்தியள். அந்த மொடியூல் 5 வோல்ற்றுக்குச் செய்தது, சிக்னல் பின்னை 0 வோல்ற் பக்கம் இழுத்தால்தான் ஒன் ஆகும். உங்கட போட் 'ஓஃப்' எண்டு குடுக்கிறது 3.3 வோல்ற்தான். மிச்ச 1.7 வோல்ற்றால ஒப்டோகப்ளருக்குள்ளால (வெளிச்சத்தால சிக்னல் கடத்திற பாகம்) கொஞ்சம் கரண்ட் கசியும்.

மொடியூலில ஜேடி-விசிசி (ரிலே கொயிலுக்கான சப்ளை), விசிசி (சிக்னல் பக்கச் சப்ளை) ரெண்டையும் சேர்க்கிற ஜம்பரைக் கழட்டி, விசிசிக்கு 3.3, ஜேடி-விசிசிக்கு 5 குடுத்துப் பாருங்கோ. சில மொடியூலில அப்ப ஓஃப் சரியாகும், ஒன் தடுமாறும். அப்பிடியெண்டால் அதோட மினைக்கெடாதேங்கோ. யூஎல்என்2803 எண்ட ரிலே ஓட்டுற ஐசி ஒண்டும் வெறும் 5 வோல்ற் ரிலேயும் வாங்குங்கோ. ரிலே விடேக்க வாற வோல்ற்றேச் அடியைத் தாங்கிற டயோட் அந்த ஐசிக்குள்ளயே இருக்கு, 10ஆம் காலை மட்டும் மறக்காமல் 5 வோல்ற்றில குடுங்கோ. ஒரு கொயில் 70 மில்லிஅம்பியர் மட்டில இழுக்கும், நாலும் சேர்ந்தால் 300 கிட்ட. அதைப் போட்டின்ர 3.3 பின்னில எடுக்க ஏலாது, தனி 5 வோல்ற் சப்ளை வேணும், கிரவுண்டைச் சேர்த்துவிடுங்கோ. போட்டில ஜிபிஐஓ (சிக்னல் பின்) 0, 2, 12, 15 ரிலேக்கு வேண்டாம், பூட் ஆகேக்க குழப்பும்.

12 வோல்ற் எல்ஈடி ஸ்ட்ரிப்பை மங்கலாக்க வேணுமெண்டால் ரிலே சரிவராது, ஐஆர்எல்இசட்44என் மொஸ்ஃபெற் (வேகமா ஒன்-ஓஃப் ஆகிற ட்ரான்சிஸ்டர்) போடுங்கோ. அதின்ர கேற்றுக்கும் (சிக்னல் குடுக்கிற கால்) கிரவுண்டுக்கும் இடையில 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒண்டு.

230 வோல்ற் பக்கத்தை வயறிங் தெரிஞ்ச ஆளைக்கொண்டு செய்வியுங்கோ. பெட்டி வெளியில எண்டால் மாரிக்கு முதல் ரப்பர் வாசர் வைச்ச பெட்டியா மாத்துங்கோ.