மகளுக்கு மாதம் 800 டாலர் கையில் தருகிறேன் என்கிறார்: வாங்கலாமா?

கேள்வி: என் மகள் டென்னிஸ் ஆடுகிறாள். வரும் ஆகஸ்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முழு ஸ்காலர்ஷிப்புடன் சேர்கிறாள். அங்கே படித்து இப்போது தொழில் செய்யும் ஒரு பெரியவர், அணிக்கு நிறைய உதவுபவராம், மாதம் 800 டாலர் கைச்செலவுக்குத் தருவதாகச் சொல்கிறார். “பயிற்சியாளருக்குக்கூடத் தெரிய வேண்டாம்” என்கிறார். மட்டை வாங்க 500 டாலர் ஏற்கெனவே அனுப்பியும்விட்டார். இப்போது அங்கே கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது சட்டப்படி சரிதான் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். வாங்கலாமா?
ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: வாங்க வேண்டாம். அந்த 500 டாலரைப் பற்றியும் பல்கலைக்கழகத்திடம் உடனே சொல்லிவிடுங்கள். எப்படிச் சொல்வது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

உங்கள் உறவினர்கள் சொல்வது பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்துவது என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு. கல்லூரியில் ஆடுபவர் அமெச்சூர், ஆட்டத்துக்காகப் பணம் வாங்கக் கூடாது என்பது அதன் நூறாண்டுக் கொள்கை. ‘மாணவ வீரர்’ என்ற சொல்லையே 1950-களில் அந்த அமைப்பு பரப்பியதற்குக் காரணம் உண்டு. ஆட்டத்தில் அடிபட்டு 1955-இல் இறந்த ரே டென்னிசன் என்ற கல்லூரி அமெரிக்கக் கால்பந்து வீரரின் மனைவி, தொழிலாளருக்குரிய இழப்பீடு கேட்டார். வீரர்களைத் தொழிலாளர் என்று ஒப்புக்கொண்டால் எல்லாக் கல்லூரிகளும் இழப்பீடு தர வேண்டிவரும். கொலராடோ உச்ச நீதிமன்றத்தில் அந்தப் பெண் தோற்றார். அமெச்சூர் கொள்கை வீரர்களுக்கு இழைத்த அநியாயம் என்றே நான் கருதுகிறேன். 2025 முதல் 2032 வரை கல்லூரி ஆண்கள் கூடைப்பந்துத் தொடரின் ஒளிபரப்பு உரிமைக்கு மட்டும் 880 கோடி டாலர் வருகிறது. பயிற்சியாளர்கள் கோடிகளில் சம்பளம் வாங்குகிறார்கள். அந்த ஆட்டத்தை ஆடுகிற பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் கிடையாது என்றால் பணம் மறைவாகத்தான் போகும்.

அப்படித்தான் போனது. சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் 13 அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கு ரகசிய நிதியிலிருந்து சுமார் 61,000 டாலர் தந்தது தெரியவந்தபோது, 1987-ஆம் ஆண்டின் ஆட்டங்கள் முழுவதையும் என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது.

நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவர் பிரையன் போவன் என்ற கூடைப்பந்து வீரர். 2017-இல் லூயிவில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் கல்லூரிக் கூடைப்பந்து லஞ்ச வழக்கில் பத்துப் பேர் கைதானார்கள். போவன் அந்தக் கல்லூரியில் சேர்வதற்காக அவர் குடும்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் தர அடிடாஸோடு தொடர்புடையவர்கள் ஏற்பாடு செய்திருந்தது அந்த வழக்கில் வெளிவந்தது. பணம் வாங்கியதைத் தந்தையே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். தனக்கு எதுவும் தெரியாது என்றார் மகன். அமெரிக்காவில் ஒரு கல்லூரி ஆட்டம்கூட ஆட முடியாமல் ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஆடினார். வாங்கியது பெற்றோர், ஆட்டத்தை இழந்தது பிள்ளை. உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பையன்தான்.

சரி, இப்போது என்ன மாறியிருக்கிறது? 2021 ஜூனில், வீரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதமே வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்க வழி திறந்தது. இதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். 2025 ஜூனில், வீரர்களே தொடுத்த ஹவுஸ் என்ற இன்னொரு வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் ஏற்ற பிறகு, கல்லூரிகளே தங்கள் வருமானத்தில் வீரர்களுக்குப் பங்கு தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு சுமார் 2.05 கோடி டாலர்.

இதெல்லாம் வெளிச்சத்தில் நடக்க வேண்டிய விஷயம். என்.சி.ஏ.ஏ.வின் மேல்மட்டமான முதல் பிரிவில் ஆடும் கல்லூரி வீரர் வெளியாரோடு 600 டாலருக்கோ அதற்கு மேலோ ஒப்பந்தம் செய்தால் அதைத் தெரிவித்தாக வேண்டும். அணியின் ஆதரவாளர்களை அங்கே பூஸ்டர் என்பார்கள். பூஸ்டர் தரும் பணத்துக்குப் பின்னால் விளம்பரம் போன்ற உண்மையான வேலை இருக்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் கையில் தரும் 800 டாலர் 1987-இலும் விதிமீறல்தான், இன்றும் விதிமீறல்தான்.

உங்கள் மகளுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து விசா. அவள் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போவாள். ஸ்காலர்ஷிப்பால் சிக்கல் இல்லை. படிப்பு நடக்கும் மாதங்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலையும் செய்யலாம். வெளியே அனுமதியின்றிச் சம்பாதித்தால் விசா நிலையே போய்விடலாம். கூட ஆடும் அமெரிக்கப் பெண் பக்கத்து ஓட்டலுக்கு ஒரு ரீல்ஸ் போட்டுப் பணம் வாங்குவாள். உங்கள் மகள் அதே ரீல்ஸை அதே ஊரில் எடுத்தால் அனுமதியற்ற வேலை என்று ஆகலாம். 800 டாலரை அந்தப் பெரியவர் அன்பளிப்பு என்று சொல்லலாம். ஆடுவதற்குக் கொடுத்த கூலி என்று குடியேற்ற அதிகாரி கருதினால், இல்லை என்று காட்ட உங்களிடம் ஒரு தாள்கூட இருக்காது.

வெளிநாட்டு மாணவர்களுக்கு வழியே இல்லாமல் இல்லை. கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஆடிய காங்கோ நாட்டு வீரர் ஆஸ்கர் சீப்வே, 2022-இல் அணி பஹாமாஸ் தீவுகளுக்குப் போனபோது தன் விளம்பர வேலைகளை அங்கே முடித்துக்கொண்டார். அதேபோல உங்கள் மகளும் விடுமுறையில் கோவைக்கு வரும்போது, இந்திய நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தில் இங்கேயே நடித்து, பணத்தையும் இங்கேயே வாங்கலாம். முன்கூட்டியே பல்கலைக்கழகத்திடம் சொல்லி, ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். டென்னிஸ் போட்டிகளில் அவள் பரிசுப் பணம் வாங்கியிருப்பாள். கல்லூரியில் சேரும் முன் ஆண்டுக்கு 10,000 டாலர் வரைதான், அதற்கு மேல் செலவுக்கு ஈடாக மட்டுமே வாங்கலாம் என்ற விதி நெடுநாள் இருந்தது. ரீஸ் பிரான்ட்மையர் என்ற கல்லூரி வீராங்கனை 2024-இல் என்.சி.ஏ.ஏ. மீது வழக்குப் போட்டது பரிசுப் பண விதிகளை எதிர்த்துத்தான். எந்தப் போட்டியில் எவ்வளவு வந்தது, பயணம், பயிற்சிக்கு எவ்வளவு செலவானது என்று ரசீதுகளோடு ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 500 டாலர். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் விளையாட்டுத் துறைக்கென்று, விதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் கம்ப்ளையன்ஸ் அலுவலகம் இருக்கும். பயிற்சியாளரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள், அந்த அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். யார், எப்போது, எதற்காக அனுப்பினார் என்பதை எழுதி, பணம் வந்த வங்கிப் பதிவையும் இணையுங்கள். இப்படிச் சிறிய தொகைகளில், அதே அளவு பணத்தை ஒரு தொண்டு அமைப்புக்குக் கட்டச் சொல்லி வீரரை ஆட விடுவது வழக்கம். அதனால் அவர்கள் சொல்லும் வரை பணத்தைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம், செலவழிக்கவும் வேண்டாம். பெரியவரிடம், “உங்கள் அக்கறைக்கு நன்றி. பல்கலைக்கழகம் எழுத்தில் அனுமதி தந்தால் மட்டுமே வாங்க முடியும்” என்று சொல்லுங்கள். ஆகஸ்டில் அவள் விமானம் ஏறும் முன் இதை முடித்துவிடுங்கள்.