பேரிடர்ச் செய்திக்குப் பூட்டுப் போடுவது யாருக்காக?

வாசகர் கேள்வி – பதில்

பேரிடர் நேரத்தில் மக்கள் பீதியடைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே அரசுகள் செய்திகளைக் கட்டுப்படுத்துகின்றன? அதில் என்ன தவறு இருக்கிறது? (திருச்சி வாசகர்)

பீதி என்பது உண்மையான அபாயம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பீதியைக் கிளப்புவது எப்போதும் பத்திரிகைகள்தான் என்ற எண்ணத்துக்கு ஆதாரம் குறைவு. நம் கடற்கரையிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, இன்னொரு பேரலை வரக்கூடும் என்று எச்சரித்தது மத்திய உள்துறை அமைச்சகமே. பிணங்களைக்கூட முழுமையாக அடக்கம் செய்து முடிக்காத ஊர்களிலிருந்து மக்கள் மறுபடியும் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். நிவாரணப் பணி தடைபட்டது. அமெரிக்காவில் இருந்த ஒரு தனியார் நிறுவனத்தின் கணிப்பை நம்பி விடுக்கப்பட்ட அந்த எச்சரிக்கையை, அறிவியல் தொழில்நுட்பத் துறைக்குப் பொறுப்பாக இருந்த கபில் சிபல் அபத்தம் என்று தள்ளிவிட்டார். அமைச்சகங்களுக்குள்ளேயே ஒத்த தகவல் இல்லாததால் வந்த பீதி அது.

மேலும், 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பீதிக்கு வழிவகுக்கும் பொய் எச்சரிக்கையைப் பரப்புவோருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க 54ஆம் பிரிவில் இடமளித்திருக்கிறது. வதந்தி பரப்புவோரைத் தண்டிக்கச் சட்டம் கையில் இருக்கும்போது, உண்மையைச் சொல்பவரின் வாயையும் சேர்த்துக் கட்டுவதற்கு வேறு காரணம்தான் இருக்க முடியும்.

ஒரு பெரிய நிலநடுக்கத்தையே உலகத்திடமிருந்து மறைத்துவிட முடியுமா? (நாகர்கோவில் வாசகர்)

நிலநடுக்கத்தை மறைக்க முடியாது. உலகெங்கும் உள்ள நிலநடுக்கமானிகள் அதைப் பதிவு செய்துவிடும். மறைக்கப்படுவது இறந்தவர்களின் எண்ணிக்கை. சீனாவின் டாங்ஷான் நகரம் 1976 ஜூலை 28 அதிகாலை 3.42 மணிக்கு, ஊரே உறங்கிக்கொண்டிருந்தபோது இடிந்து விழுந்தது. மறுநாள் வெளிவந்த சீனக் கம்யூனிஸ்ட் கட்சி நாளேடான 'மக்கள் நாளிதழ்', டாங்ஷான், ஃபெங்நான் பகுதிகளில் கடும் நிலநடுக்கம் ஏற்பட்டதைச் சொல்லிவிட்டு, மாவோவின் புரட்சிப் பாதை காட்டும் வழியில் மக்கள் இயற்கையை வெல்லும் உணர்வோடு போராடி வருவதாகத் தலைப்பிட்டது. எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. ஐக்கிய நாடுகள் சபையும் பிற நாடுகளும் நீட்டிய உதவிகளையும் சீன அரசு ஏற்கவில்லை. இரண்டு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்ற விவரம், மாவோ மறைந்து, ஆட்சியின் போக்கும் மாறிய பிறகு, 1979 நவம்பரில்தான் வெளியிடப்பட்டது.

இதைவிட மோசமான எடுத்துக்காட்டும் உண்டு. யுன்னான் மாகாணத்தின் டோங்ஹாய் பகுதியை 1970 ஜனவரியில் தாக்கிய நிலநடுக்கத்தில் 15,621 பேர் இறந்ததாக அரசு அறிவித்தது 2000ஆம் ஆண்டில். முப்பது ஆண்டுகள்! பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகள் தாங்களே பெற்றோராகிவிடக்கூடிய காலம் அது. இயற்கைப் பேரிடரில் இறந்தோரின் எண்ணிக்கை அரசு இரகசியம் என்ற விதியைச் சீனா 2005இல்தான் கைவிட்டது.

இது சீனாவுக்கோ கம்யூனிஸ்ட் ஆட்சிகளுக்கோ மட்டும் உரிய பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 1944 டிசம்பர் 7 அன்று ஜப்பானின் டோனான்காய் கடற்பகுதியில் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் நேர்ந்தன. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். விமானத் தொழிற்சாலைகள் சேதமானதை எதிரி அறியக் கூடாது என்று போர்க்காலத் தணிக்கை அச்செய்தியை அமுக்கியது. மறுநாள் நாளேடுகளின் முதல் பக்கத்தில் இடம்பெற்றது, போர் தொடங்கிய மூன்றாம் ஆண்டு நிறைவையொட்டிப் பேரரசரின் படம். ஐந்து வாரம் கழித்து, 1945 ஜனவரி 13இல், அதே வட்டாரத்தில் மிகாவா நிலநடுக்கம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. முதல் நிலநடுக்கத்தில் எவ்வகை வீடுகள் விழுந்தன, எவை தாங்கின என்பதைப் படித்தறியும் வாய்ப்பு அந்த மக்களுக்குக் கிடைக்கவே இல்லை.

2008 சிச்சுவான் நிலநடுக்கத்தின்போது சீனா வெளிப்படையாகவே நடந்துகொண்டது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் அங்கு நிலைமை மாறிவிட்டது என்று கொள்ளலாமா? (புதுச்சேரி வாசகர்)

முதல் இரண்டு வாரங்களை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மே 12 பிற்பகல் 2.28க்கு நிலம் அதிர்ந்தது. அன்றே கட்சியின் பிரச்சாரத் துறை, பத்திரிகைகள் தங்கள் நிருபர்களை அனுப்ப வேண்டாம் என்று அறிவுறுத்தியது. ஆனால் பல நிருபர்கள் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தார்கள், கிளம்பாதவர்களிலும் பலர் அந்த உத்தரவைப் பொருட்படுத்தவில்லை. அரசுத் தொலைக்காட்சி இரவு பகலாக நேரலை செய்தது. வெளிநாட்டு நிருபர்களும் இடிபாடுகளுக்கு இடையே நடமாட முடிந்தது. பலி எண்ணிக்கை நாள்தோறும் அறிவிக்கப்பட்டது. இறுதிக் கணக்கில் 69,000க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர், ஏறத்தாழ 18,000 பேர் காணாமற்போயிருந்தனர். டாங்ஷானை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது மகத்தான மாற்றம்.

பிறகுதான் பெற்றோர் ஒரு கேள்வியைக் கேட்டார்கள். பல ஊர்களில் சுற்றியிருந்த கட்டடங்கள் நின்றிருக்க, பள்ளிக்கூடம் மட்டும் ஏன் நொறுங்கியது? மியான்ஜு என்ற ஊரில் ஒரு தொடக்கப்பள்ளியில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தனர். மே 25 அன்று அவர்களின் தாய் தந்தையர், குழந்தைகளின் சட்டமிட்ட புகைப்படங்களை மார்போடு அணைத்துக்கொண்டு, மேலதிகாரிகளிடம் முறையிட நெடுஞ்சாலையில் நடந்தார்கள். அந்நகரின் கட்சிச் செயலாளர் நடுச்சாலையில் அவர்கள் முன் மண்டியிட்டு, போக வேண்டாம் என்று கெஞ்சினார். அவர்கள் நிற்கவில்லை. அந்தக் காட்சியின் புகைப்படம் உலகெங்கும் வெளியானது.

கட்டுப்பாடு இறுகியது அதற்குப் பிறகுதான். பள்ளிக் கட்டடங்கள் பற்றி எழுத வேண்டாம் என்று சீனப் பத்திரிகைகளுக்கு உத்தரவு போனது. ஜூன் மாதத்தில் இடிந்த பள்ளிகளை நெருங்கிய வெளிநாட்டு நிருபர்களைக் காவலர்கள் அப்புறப்படுத்தினார்கள். இழப்பீடு பெறும் பெற்றோர் இனிப் போராட மாட்டோம் என்று கையெழுத்திட்டுக் கொடுக்கும்படி நெருக்கப்பட்டார்கள். இறந்த அல்லது காணாமற்போன மாணவர்கள் 5,335 பேர் என்ற கணக்கை வெளியிட அரசுக்கு ஓராண்டு பிடித்தது. மாணவர்களின் பெயர்களைத் திரட்டிக்கொண்டிருந்த டான் சுவோரன் 2010 பிப்ரவரியில் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தீர்ப்பில் சொல்லப்பட்ட குற்றம் தியானன்மென் படுகொலை பற்றி அவர் எழுதியவை. ஆனால் பள்ளிகளை ஆராய்ந்ததே உண்மையான காரணம் என்று அவர் தரப்பினர் கருதுகின்றனர், எனக்கும் அதில் ஐயமில்லை. அவருக்காகச் சாட்சி சொல்லச் செங்டு நகருக்குச் சென்ற ஓவியக் கலைஞர் ஐ வெய்வெய் விடுதி அறையில் போலீசாரால் தாக்கப்பட்டு, பின்னர் மியூனிக் நகரில் மூளையில் இரத்தக்கசிவுக்காக அறுவைசிகிச்சை செய்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: எண்ணிக்கையைச் சொல்லும் துணிவு வந்தது, காரணத்தைச் சொல்லும் துணிவு வரவில்லை. எண்ணிக்கை இயற்கையின் கணக்கில் போய்விடும். காரணமோ ஒப்பந்தக்காரரையும், கட்டடத்துக்கு ஒப்புதல் அளித்த அதிகாரியையும், அவருக்கு மேலே இருப்பவரையும் தேடிப் போகும். எந்த நாட்டிலும் செய்திக் கட்டுப்பாட்டை எடைபோடும்போது, எண்ணிக்கை வெளிவந்ததா என்பதோடு நின்றுவிடாமல், காரணத்தை ஆராய்பவர்கள் என்ன ஆனார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

மியான்மரில் நர்கிஸ் புயலின்போது நடந்ததைப் பற்றிச் சொல்லுங்களேன். (காரைக்கால் வாசகர்)

அதே 2008 மே மாதத்தின் தொடக்கத்தில், நம் வங்கக் கடலில் உருவாகி ஐராவதிக் கழிமுகத்தைச் சூறையாடிய புயல் அது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் சேர்ந்து ஏறத்தாழ 1,38,000 பேர். புயல் கரையைக் கடக்கும் இடத்தையும் அதன் கடுமையையும் 48 மணி நேரம் முன்னதாகவே மியான்மர் அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட்டதாக இந்திய வானிலைத் துறை பின்னர் அறிவித்தது. அந்தச் செய்தியின் கடுமை கழிமுகக் கிராமங்களுக்கு உரைக்கும்படி போய்ச் சேரவில்லை. புயல் ஓய்ந்து ஒரு வாரத்திலேயே, மே 10 அன்று, இராணுவ ஆட்சி தன் அரசமைப்புச் சட்டத்துக்கான வாக்கெடுப்பை நடத்தியது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் மட்டும் அது மே 24க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அயல்நாட்டு நிருபர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள்போல் நுழைந்து ஒளிந்து எழுத வேண்டியிருந்தது. உள்நாட்டு வார இதழ்களோ ஒவ்வொரு பக்கத்தையும் தணிக்கை அலுவலகத்தில் காட்டி ஒப்புதல் பெற்றே அச்சிட முடிந்தது.

நகைச்சுவைக் கலைஞர் சர்கனாரின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். நண்பர்களைத் திரட்டிக் கழிமுகத்துக்கு உணவும் துணியும் கொண்டுபோன அவர், அங்கே கண்டதை வெளிநாட்டு ஊடகங்களிடம் சொன்னார். அதற்காகக் கைதாகி 59 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அது 35 ஆண்டாகக் குறைக்கப்பட்டு, 2011 அக்டோபரில் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். மியான்மரை 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவு நிலநடுக்கம் உலுக்கியபோது, அப்போதைய இராணுவ ஆட்சி வெளிநாட்டு உதவியைத் தானே கேட்டது. ஆனால் வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்குத் தங்க இடமும் தண்ணீரும் மின்சாரமும் இல்லை என்று சொல்லி அனுமதி மறுத்தது.

நம் நாட்டில் இப்படியெல்லாம் இல்லையே? (கோவை வாசகர்)

நிருபரைச் சிறையில் தள்ளும் அளவுக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் நிருபருக்குத் தகவல் தரக்கூடியவர்களின் வாயைக் கட்டும் வழி இங்கே உண்டு. உத்தராகண்டின் ஜோஷிமட் நகரில் 2023 ஜனவரியில் வீடுகள் விரிசல்விட்டுத் தரை அமிழ்ந்துகொண்டிருந்தபோது, பன்னிரண்டு நாளில் 5.4 சென்டிமீட்டர் இறங்கியதாக இஸ்ரோவின் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களோடு அறிக்கை வெளியிட்டது. உடனே தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், ஊடகங்களிடம் பேசவோ சமூக வலைத்தளங்களில் தரவுகளைப் பகிரவோ வேண்டாம் என்று ஆய்வு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது; இஸ்ரோவின் அறிக்கை இணையதளத்திலிருந்து காணாமற்போனது. தன் வீட்டுச் சுவரில் விரலை நுழைக்கும் அளவுக்கு விரிசல் கண்ட குடும்பத்துக்குத்தான் அந்த அறிக்கை எல்லோரையும்விட அதிகம் தேவைப்பட்டது.

வயநாட்டில் 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்குப் பிறகு கேரள அரசும், அறிவியலாளர்கள் மேப்பாடிக்குப் போகவோ ஊடகங்களிடம் கருத்துச் சொல்லவோ கூடாது என்று உத்தரவிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் முதலமைச்சர் பினராயி விஜயன் தலையிட, அன்றே அது திரும்பப் பெறப்பட்டது. இந்த வேறுபாட்டையும் பதிவு செய்வதுதான் நியாயம்.

கதறி அழுபவரின் முகத்தில் மைக்கை நீட்டும் தொலைக்காட்சிகளை மட்டும் கட்டுப்படுத்த வேண்டாமா? (சேலம் வாசகர்)

வேண்டும். 2015 நேபாள நிலநடுக்கத்தில் இந்தியத் தொலைக்காட்சிகள் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து, இந்திய ஊடகமே வீட்டுக்குப் போ என்று நேபாளியர்கள் இணையத்தில் குரல் எழுப்பியது நமக்கு வெட்கம் தரும் நிகழ்வு. மீட்புப் பாதையை மறிப்பதற்கும், பிணத்தின் முகத்தை நெருக்கத்தில் காட்டுவதற்கும் தடை இருக்கட்டும். ஆனால் துயரத்தைக் காட்டவே கூடாது என்ற எல்லைக்குப் போக மாட்டேன். வங்கப் பஞ்சம் இயற்கைப் பேரிடர் மட்டுமல்ல என்றாலும் இங்கே பொருந்தும்: அரசு அதைப் பஞ்சம் என்று ஒப்பவே தயங்கிய நாட்களில், 1943 ஆகஸ்ட் 22 அன்று 'ஸ்டேட்ஸ்மன்' ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் கல்கத்தாத் தெருக்களில் பசியால் சாகும் மனிதர்களின் படங்களை வெளியிட்டதால்தான் டெல்லியும் லண்டனும் அசைந்தன.

அப்படியானால் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்கிறீர்கள்? (மதுரை வாசகர்)

ஜப்பானின் 1961ஆம் ஆண்டுப் பேரிடர்ச் சட்டப்படி, பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே பேரிடர்ச் செய்தியைத் தரக் கடமைப்பட்ட அமைப்பு. 2011 பேரழிவுக்குப் பிறகு அது தன் அறிவிப்பு முறையையே மாற்றிக்கொண்டது. 2024 ஜனவரி 1 அன்று நோட்டோ நிலநடுக்கத்தின்போது, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே தப்பியோடுங்கள் என்று அறிவிப்பாளர் உரத்த குரலில் ஆணையிட்டதை உலகம் கேட்டது.

நம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலும், எச்சரிக்கைகளை ஒலிபரப்பும்படி ஊடகங்களுக்கு உத்தரவிட 67ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஊடகத்துக்குக் கடமை விதிக்கும் அதே சட்டம் அரசுக்கும் கடமை விதிக்க வேண்டும்: பேரிடர்ப் பகுதியை ஆராயும் அறிவியல் நிறுவனங்களின் அறிக்கைகள் குறித்த காலக்கெடுவுக்குள், உள்ளூர் மொழியில், பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும், அறிவியலாளர்களுக்குப் பேச்சுத்தடை விதிப்பதென்றால் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். ஜோஷிமட் ஆய்வறிக்கைகள், ஏன் மறைத்து வைக்கிறீர்கள் என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கேட்ட பிறகு, 2023 செப்டம்பரில்தான் வெளிவந்தன. அதற்குள் அம்மக்கள் ஒரு பருவமழைக் காலத்தை அந்த மலைச்சரிவில் கழித்திருந்தார்கள்.