மூன்றாம் இயலும் ஏழு மாதக் காத்திருப்பும்

கேள்வி: ஐயா, பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றி ஆய்வு செய்ய 2023-இல் முழுநேர முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்தேன். உதவித்தொகை இல்லை, மாலையில் டியூஷன் எடுத்துச் சமாளிக்கிறேன். மூன்றாம் இயலை நெறியாளரிடம் கொடுத்து ஏழு மாதமாகிறது. கேட்டால், "பார்க்கலாம்மா" என்கிறார். ஆனால் மதிப்பெண் பட்டியல் தயாரிக்கவும் கருத்தரங்கப் பந்தலுக்கு ஆள் பிடிக்கவும் என்னை அழைக்கத் தவறுவதில்லை. வீட்டிலோ, "இன்னும் எத்தனை வருஷம்?" என்கிறார்கள். விட்டுவிடலாமா?
- ஆய்வு மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: விடுவதா வேண்டாமா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள், அம்மா. ஏழு மாதம் பதிலின்றிக் காத்திருப்பவருக்குத் தம் எழுத்தின் தரமே ஐயத்துக்குரியதாகத் தோன்றும். உங்கள் இயலை யாரும் குறை கூறவில்லை, யாரும் படிக்கவில்லை என்பதுதான் நடந்திருக்கிறது.

உங்கள் சிக்கலின் வேர், எல்லாமே வாய்ப்பேச்சில் நடப்பது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளின்படி ஆய்வாளர் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தம் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும். குழுவின் பரிந்துரையின் நகலும் அவருக்குத் தரப்பட வேண்டும். பல துறைகளில் இது கையெழுத்துச் சடங்காகத் தேய்ந்துவிட்டது என்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் "மூன்றாம் இயல் இன்ன தேதியில் ஒப்படைக்கப்பட்டது, திருத்தம் வரவில்லை" என்று உங்கள் முன்னேற்ற அறிக்கையில் ஒரே வரி எழுதி, குழுவினர் மூவர் முன்னிலையில் படித்துப் பாருங்கள். அதைக் குறையாக அன்றி வெறும் நிலவரமாகச் சொல்லுங்கள். சொல்லும்போது உங்கள் குரல் நடுங்கினாலும் காகிதம் நடுங்காது.

நெறியாளருக்கும் நீங்கள் ஒருவர் மட்டும் அல்லர். பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு நெறியாளராக இருக்கலாம். அதனால் அறுபது பக்கத்தை மொத்தமாக நீட்டாமல், பதினைந்து பக்கத்தையும் அதற்கு எந்த மூன்று கேள்விகளில் அவர் கருத்து வேண்டும் என்பதையும் மின்னஞ்சலில் அனுப்பிப் பாருங்கள். மதிப்பெண் பட்டியல் வேலையை முழுவதும் மறுக்க முடியாமல் போகலாம். ஆனால் "இந்த வாரம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கோப்பு எடுத்திருக்கிறேன், ஐயா" என்று சொல்ல முடியும். நீங்கள் ஆராயும் ஆலையில் நண்பகல் இடைவேளை போதவில்லை என்ற குறையும் சேர்ந்துதான் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று என்பதை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

வீட்டாரிடம் கணக்காகப் பேசுங்கள். பதிவு செய்ததிலிருந்து ஆறு ஆண்டுகள் உச்சவரம்பு. மறுபதிவின் பேரில் மேலும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுத் தளர்வு உண்டு. இதைச் சலுகையாகப் பிடித்துக்கொண்டு இழுக்கச் சொல்லவில்லை. இளநிலை ஆய்வாளர் நிதி பெறுபவருக்கு மாதம் 37,000 ரூபாய் வருகிறது. உங்களுக்கோ ஒவ்வொரு கூடுதல் மாதமும் கைக்காசுச் செலவு. ஆகவே திருத்தம் வரும் வரை காத்திராமல் நான்காம் இயலைத் தொடங்கிவிடுங்கள்.

குழுக் கூட்டத்திற்குப் பிறகும் ஒரு பருவம் முழுவதும் திருத்தம் வராவிட்டால், அந்தப் பரிந்துரை நகலை இணைத்துத் துறைத் தலைவருக்கு எழுதுங்கள். நெறியாளரை மாற்றக் கோருவதை அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.