நாத்தனார் முடிச்சு போடப் போகிறவளுக்கு

கேள்வி: சென்னையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வருகிற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியில் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். அண்ணனுக்குக் கூடப்பிறந்த தங்கை இல்லை. "நீதான் நாத்தனார் முடிச்சு போடணும்" என்று பெரியம்மா போனில் கூப்பிட்டுவிட்டார். ஆனால் டவுனில் இருக்கும் பூர்வீக வீட்டுப் பங்கு விஷயத்தில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. அப்பா, அம்மா இருவரும் போகப்போவதில்லை. நான் கேட்டதற்கு "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அப்பா பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை காலை எனக்கு இன்டர்னல் தேர்வு. போன செமஸ்டரில் கணக்கில் அரியர் வேறு இருக்கிறது. சொந்தக்காரர்கள் கேள்வி கேட்டே துளைத்துவிடுவார்கள். தனியாக இவ்வளவு தூரம் போனதும் கிடையாது. போகட்டுமா, வேண்டாமா? போனால் இரண்டு வீட்டையும் சேர்த்துவைக்க நான் ஏதாவது செய்ய முடியுமா?
- பெயர் வேண்டாம், குரோம்பேட்டை

பதில்: போய்விட்டு வாம்மா. இதில் எனக்கு யோசனையே இல்லை. ஆனால் உன் கடிதத்தின் கடைசி வரியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. அண்ணன் கல்யாணத்துக்குப் போகிற பெண், பங்காளிச் சண்டையையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. அது உனக்கு விவரம் தெரியும் முன்பே முளைத்த மனத்தாங்கலாகக்கூட இருக்கலாம். வீட்டுப் பங்கு என்பது வெளியே சொல்லும் பெயராக இருக்கும், உள்ளே வேறு ஏதாவது இருக்கும். பத்தொன்பது வயதுப் பெண் இரண்டு நாளில் போய் அவிழ்க்கிற முடிச்சு இல்லை அது. உன்னைக் கூப்பிட்டது வேறொரு முடிச்சுக்கு.

முதலில் அப்பாவிடம் பேசு. "உன் இஷ்டம்" என்றால் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டுப் பையைத் தூக்கினால், ஊருக்குப் போகிற வழியெல்லாம் உன் நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்: "அப்பா, நான் அண்ணன் கல்யாணத்துக்குப் போறேன். முடிச்சு போட்டுட்டு ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே கிளம்பிருவேன். அங்கே வீட்டைப் பத்தி யார் பேசினாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்." அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அவர் தோள் கொஞ்சம் இறங்குவதை நீயே பார்ப்பாய். தன்னை விட்டுக்கொடுத்துவிடுவாளோ என்பதுதான் பெரும்பாலான அப்பாக்களின் பயம்.

அப்புறம் மொய். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் இல்லை. மொய்க் கவரை அப்பா கையால் வாங்கிக்கொள், அதில் அவர் பெயரே இருக்கட்டும். மண்டப வாசலில் மேசை போட்டு நோட்டில் எழுதுவார்கள், ஊர், பெயர், தொகை என்று. அந்த நோட்டைக் கல்யாண வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள். யார் வீட்டு விசேஷத்துக்கும் கிளம்பும் முன் அதைப் புரட்டித்தான் பார்ப்பார்கள். உன் அப்பா வராவிட்டாலும் அவர் பெயர் அந்த நோட்டில் ஏறிவிட்டால், பெரியப்பா என்றைக்காவது ஒருநாள் அந்தப் பக்கத்தைப் பார்ப்பார். அதற்கு மேல் நீ ஒன்றும் செய்ய வேண்டாம்.

இனி பயணம். ஆடியில் கல்யாணம் வைக்காததால் ஆவணி முகூர்த்தங்களில் ஊரே கிளம்பும், அதுவும் ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. தேதி கைக்குள் இருந்தால் இன்றைக்கே போடு. போகிற டிக்கெட்டைவிடத் திரும்பும் டிக்கெட்டை முதலில் போடு. வெள்ளிக்கிழமைக்கு எப்படியாவது ஒரு வழி கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தெற்கிலிருந்து சென்னைக்கு வருகிற கூட்டத்தில் இடம் கிடைப்பதுதான் கஷ்டம். நெல்லை எக்ஸ்பிரஸ் உனக்கு வசதி, தாம்பரத்திலேயே ஏறலாம். படுக்கை வசதிப் பெட்டிகளில் பெண்களுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு, தனியாகப் போகிற பெண் வயது வித்தியாசமில்லாமல் கேட்கலாம். டிக்கெட் போடும்போது லேடீஸ் கோட்டா என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்துப் பார், பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

தட்கலை நம்பினால், முதல் நாள் காலை ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் இணையத்தில் தட்கல் போட முடியும், அதனால் அதை முன்பே முடித்து வை. திரும்புவதற்கான தட்கல் சனிக்கிழமை 11 மணிக்குத் திறக்கும்போது நீ கல்யாண வீட்டில் பூக்கட்டிக்கொண்டிருப்பாய் என்பதையும் யோசித்துக்கொள். இணையத்தில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட், சார்ட் போட்ட பிறகும் அப்படியே இருந்தால் தானாகவே ரத்தாகிப் பணம் திரும்பிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏறக்கூடாது. பேருந்து என்றால் தெற்கே போகிறவை கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன, உன் வீட்டிலிருந்து பக்கம்தான். ரயிலில் ஏதாவது தொந்தரவு என்றால் ரயில்வே உதவி எண் 139. வண்டி ஏறியதும் பெட்டி எண்ணையும் படுக்கை எண்ணையும் அம்மாவுக்கு அனுப்பிவிடு. அவ்வளவுதான். மற்றபடி ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் திருநெல்வேலி ஜங்ஷன். பயப்பட ஒன்றும் இல்லை.

இப்போது முடிச்சுக்கு வருகிறேன். அண்ணன் முதல் முடிச்சைப் போட்டதும் மிச்ச இரண்டையும் நீ போட வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். என் சித்தி மகன் கல்யாணத்தில் நான்தான் போட்டேன், அப்போது எனக்குப் பதினெட்டு வயது. பெண்ணின் கழுத்தில் மாலை, அதற்குமேல் ஜடையலங்காரம், பின்னால் தொங்கும் மல்லிகைச் சரம். கெட்டிமேளம் காதைப் பிளக்கிறது. அட்சதை என் கழுத்துக்குள்ளும் விழுகிறது. மஞ்சள் தடவிய கயிறு ஈரமாக இருந்ததால் விரலில் நிற்காமல் வழுக்கியது. அவசரத்தில் மல்லிகைச் சரத்தின் நாரையும் சேர்த்து முடிந்துவிட்டேன். மதியம் சித்தி ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்து வந்து, தாலிக்கயிற்றில் படாமல் அந்த நாரை மட்டும் இழை இழையாக நறுக்கி எடுத்தார். எடுத்து முடிக்கும்வரை அவர் மூச்சுவிட்டாரா என்றே எனக்குத் தெரியவில்லை.

அதனால் சொல்கிறேன். ஒரு பருத்திக் கயிற்றில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, அம்மா கழுத்தில் வைத்து நாலு தடவை முடிந்து பழகு. அன்றைக்குக் கையில் கல் வைத்த வளையல் வேண்டாம், ஜடையில் மாட்டும். பெண்ணின் ஜடையைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஆளை முன்கூட்டியே சொல்லி வை. நாத்தனாருக்குப் புடவை எடுத்துக் கொடுப்பது வழக்கம், கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள். அதை வேண்டாம் என்றால் சண்டையை நினைத்துத்தான் மறுக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சொந்தக்காரர்களின் கேள்விகளைப் பற்றி இவ்வளவு பயம் வேண்டாம். "அரியர் இருக்காமே?" என்றால், "ஒண்ணு இருக்கு அத்தை, அடுத்த தடவை எழுதி முடிச்சிருவேன்" என்று உண்மையைச் சொல். உண்மையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால் அடுத்த கேள்விக்கு இடம் இருக்காது. மறைக்கப் பார்த்தால்தான் தோண்டுவார்கள். "அப்பா ஏன் வரலை?" என்பதுதான் கனமான கேள்வி, குறைந்தது பத்துப் பேர் கேட்பார்கள். "அதான் நான் வந்திருக்கேன்ல பெரியம்மா" என்று சொல்லிவிட்டு ஏதாவது வேலையைக் கையில் எடு. கல்யாண வீட்டில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிற பெண்ணை யாரும் நிறுத்திவைத்து விசாரிக்க மாட்டார்கள். விருந்தாளியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்தான் மாட்டிக்கொள்வாய்.

நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம் இனிமேல்தான். முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, மதியம் மூன்று மணி வாக்கில் மண்டபம் ஓய்ந்துவிடும். பெண் வீட்டார் பாத்திரக் கணக்கிலும் வாடகைக் கணக்கிலும் இருப்பார்கள். அண்ணனைச் சுற்றி அவன் சிநேகிதர்கள். அந்த நேரத்தில் அந்தப் பெண் தனியாக ஓர் அறையில், கழுத்து வலிக்க, இடுப்பு ஒட்டியாணத்தைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். அங்கே போ. "மதினி, தண்ணி வேணுமா?" என்று கேள். தலையில் குத்தியிருக்கும் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடு. எந்தப் பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆச்சிக்குக் காபியில் சர்க்கரை போடக்கூடாது, இப்படி நாலு விஷயம் சொல்லிக்கொடு. நாத்தனார் முடிச்சு என்று பெரியவர்கள் ஒன்றை வைத்தது இதற்குத்தான் என்று நான் நம்புகிறேன். புது வீட்டில் அவளுக்குத் தெரிந்த முதல் முகம் உன்னுடையதாக இருக்கட்டும். நாளைக்கு உன் பெரியப்பா வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு போன் போகும் என்றால், அது உன்னிடமிருந்து அவளுக்குப் போகிற போனாகத்தான் இருக்கும்.

மறுநாள் மறுவீட்டுக்கு நில் என்று வற்புறுத்துவார்கள். திருநெல்வேலி மறுவீட்டுச் சாப்பாடு என்றால் சொதி. பாசிப்பருப்பும் காய்களும் இரண்டாம் தேங்காய்ப்பாலில் வெந்ததும், கெட்டியான முதல் பாலை ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்குவார்கள். கூடவே இஞ்சிப் பச்சடி, தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்காமல் இருக்க. உண்மையிலேயே நின்று சாப்பிட வேண்டிய சாப்பாடுதான், அதை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கே மனமில்லை. ஆனாலும் வந்துவிடு. திங்கட்கிழமை ராத்திரி கிளம்பி, செவ்வாய் காலை வண்டி தாமதமானால் தேர்வு போச்சு. இப்போதுள்ள அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தியரிக்கு 40 மதிப்பெண் இன்டர்னல், ஏற்கெனவே ஒரு அரியர் இருக்கிறவள் அதை இழக்கக்கூடாது. திங்கட்கிழமை வீட்டில் இருந்து படி. வருகைப்பதிவு 75 சதவீதத்தை ஒட்டி நின்றால் அந்த லீவையும் போடாமல் வகுப்புக்குப் போய்விடு. சொதியைப் பார்சல் கட்டித் தருவார்கள், வேண்டாம் என்று சொல், ரயிலில் ஒரு ராத்திரி தாங்காது, ஊசிப்போகும்.

அல்வா தாங்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள் நெல்லையப்பர் கோயில் எதிரில், கீழ ரத வீதியில் இருட்டுக்கடை வரிசையில் நின்றுவிடு. முகூர்த்த நாள், வரிசை நீளமாக இருக்கும், சீக்கிரம் தீர்ந்தும்விடும். அங்கிருந்து ஈரடுக்குப் பாலத்தைத் தாண்டி ஜங்ஷனுக்கு வர நெரிசலுக்கும் நேரம் வைத்துக்கொள்.

திங்கட்கிழமை காலை வீட்டுக்கு வந்ததும் அல்வாவை அப்பா உட்காருகிற மேசையில் வை. எதுவும் சொல்லாதே. "அண்ணன் எப்படி இருக்கான்?" என்று அவர் கேட்டால், அது மாப்பிள்ளையைப் பற்றிய கேள்வியா, பெரியப்பாவைப் பற்றிய கேள்வியா என்று யோசிக்காமல் இரண்டு பேரைப் பற்றியும் சொல். கேட்காவிட்டால் போய்க் குளித்துவிட்டுப் புத்தகத்தை எடு.