சிசேரியன் வலியும் நிறுத்தி வைத்த மாத்திரையும்

கேள்வி: என் மகளுக்கு முதல் பிரசவம் சிசேரியனாக நடந்து இன்றோடு பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. குடியாத்தத்தில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். தையல் பிரித்தாகிவிட்டது, புண்ணும் காய்ந்துவிட்டது என்றார்கள். ஆனாலும் எழுந்து உட்காரும்போது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குகிறாள்; கூனிக்கொண்டுதான் நடக்கிறாள். வலி மாத்திரை பாலில் இறங்கிப் பிள்ளைக்குப் போய்விடும் என்று ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டோம். தண்ணீர் நிறையக் குடித்தால் தையல் சீழ் வைக்கும் என்று பெரியவர்கள் சொல்வதால் அதையும் அளந்தே கொடுக்கிறோம். முதுகில் போட்ட ஊசியால் காலமெல்லாம் இடுப்பு வலி இருக்குமா? அவள் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை பார்ப்பவள். எப்போது திரும்பப் போகலாம்?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் ‘ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டோம்’ என்ற வரி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகளின் வலிக்கு முதல் காரணம் அதுவாகவே இருக்கக்கூடும். பிரசவ வார்டில் பல வருடங்கள் சுற்றி வந்த எனக்கு இது பழகிய காட்சி: தலையணையைத் தூக்கினால் மாத்திரை அட்டை இருக்கும், பத்தில் ஒன்று மட்டும் பிதுக்கப்பட்டு ஒன்பது அப்படியே கிடக்கும், கேட்டால், “பொறுத்துக்கிறேன் டாக்டர், பிள்ளைக்கு ஆகாதாமே” என்பார்கள். அந்தப் பெண் பொறுத்துக்கொள்வதால் பிள்ளைக்கு ஒரு லாபமும் இல்லை. வலியோடு இருப்பவள் ஆழ்ந்து மூச்சு விடமாட்டாள், சளியை இருமித் துப்பமாட்டாள், கட்டிலை விட்டு இறங்கத் தயங்குவாள். பிள்ளையை மார்போடு அணைத்து நிதானமாகப் பால் கொடுக்கவும் அவளால் முடியாது.

‘புண் காய்ந்துவிட்டது’ என்பதற்கு என்ன பொருள் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியில் நாம் பார்ப்பது தோலில் ஒரு கோடுதான். அதற்குக் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே வயிற்றையே இழுத்துக் கட்டி வைத்திருக்கும் வெள்ளைநிற உறுதியான சவ்வு, அதன் அடியில் இரண்டு பக்கமும் ஒதுக்கி விலக்கப்பட்ட தசைகள், பிறகு குடலை மூடியிருக்கும் மெல்லிய உறை, கடைசியில் கர்ப்பப்பையின் சுவர் என்று ஒவ்வொன்றையும் கடந்துதான் குழந்தையை எடுத்திருக்கிறார்கள். தோல் ஒரு வாரம் பத்து நாளில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பாரத்தைத் தாங்கும் அந்த வெள்ளைச் சவ்வு ஆறு வாரத்தில் தன் பழைய வலுவில் ஏறக்குறைய பாதியைத்தான் திரும்பப் பெறும். மீதிக்குப் பல மாதங்கள் வேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் சிசேரியன். தெருவுக்கு நாலு பேர் செய்துகொண்ட ஆபரேஷன் என்பதால் அது பெரிய ஆபரேஷன் என்பதே நமக்கு மறந்துவிட்டது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஆண் ஒரு மாதம் படுக்கையை விட்டு அசையாமல் இருந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இவளோ மூன்றாம் நாளிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பிள்ளையைப் பார்க்கிறாள். பன்னிரண்டாம் நாளில் வலி இருப்பது அதிசயமில்லை. ஆனால் கண் கலங்கும் அளவுக்கு இருக்க வேண்டியதில்லை.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் காய்ச்சல் வந்த குழந்தைகளுக்கே நேரடியாகச் சொட்டு மருந்தாகவும் சிரப்பாகவும் தரப்படும் மருந்துகள். தாய் விழுங்கியதில் பாலுக்குள் இறங்குவது அந்த அளவில் ஒரு சிறு பங்குதான். ஊரில் பரவலாக எழுதித் தரும் டைக்ளோஃபெனாக்கும் பாலில் மிகக் குறைவாகவே சேரும். எச்சரிக்கையோடு பார்க்க வேண்டியவை கோடீனும் டிரமடாலும். சில பெண்களின் உடல் அவற்றை அதிவேகமாக வீரியமான பொருளாக மாற்றிவிடும் என்பதால், பால் குடிக்கும் பிள்ளை அளவுக்கு மீறித் தூங்கவும் அதன் மூச்சு மந்தமாகவும் வாய்ப்புண்டு. ஆகவே உங்கள் மகளின் மருந்துச் சீட்டில் இந்த இரண்டு பெயர்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள்; இருந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் 650 மில்லிகிராம் மாத்திரையை ஆறு மணி நேரத்துக்கு ஒன்று வீதம் சில நாட்களுக்கு நேரம் தவறாமல் போடுவது பெரும்பாலானவர்களுக்குப் போதும். எந்த நிலையிலும் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக்கூடாது. சளி மாத்திரை என்று கடையில் வாங்குவதிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் மிகவும் மெலிந்தவர்களும் அளவைக் கேட்டுத்தான் போட வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றைச் சாப்பிட்ட பிறகே எடுக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு, குடல் புண், ஆஸ்துமா, கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் என எதாவது இருந்திருந்தால் கேட்காமல் போடக்கூடாது. வலி உச்சிக்கு ஏறிய பிறகு விழுங்கும் மாத்திரை, ஓடிப்போன பஸ்ஸைத் துரத்துவது போலத்தான். ஏறுவதற்கு முன் போட்டால் குறைந்த மருந்திலேயே வேலை முடியும்.

ஒன்று மட்டும் எனக்கு உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. இந்த வலி முதல் நாளிலிருந்து மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்து இப்போது இந்த அளவில் நிற்கிறதா, அல்லது குறைந்திருந்தது மறுபடியும் ஏறுகிறதா? சிசேரியனுக்குப் பிறகான வலியில் அளவைவிடத் திசையே முக்கியம். குறைந்துகொண்டே வருவது ஆறும் வலி. ஒரு வாரம் நன்றாக இருந்துவிட்டுப் பத்தாம் நாள் ஏறினால், மாத்திரையைத் திரும்ப ஆரம்பிப்பதற்கு முன் ஒருமுறை வயிற்றைக் காட்டிவிட வேண்டும்.

வலி எல்லாமே தையல் வலியும் இல்லை. பிள்ளை பால் குடிக்கும்போது அடிவயிறு சுருட்டிப் பிடிக்கிறதா என்று அவளிடம் கேளுங்கள். பால் குடிக்கும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்வதால் வரும் வலி அது. முதல் ஒரு வாரத்தில் அதிகம், இரண்டாம் மூன்றாம் பிள்ளைக்காரிகளுக்கு இன்னும் அதிகம். அது நல்ல வலி. ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவதே அந்தச் சுருக்கம்தான். ஆபரேஷன் முடிந்த இரண்டு மூன்று நாட்களில் வயிறு உப்பி, சிலருக்குத் தோள்பட்டை வரை குத்துவது வாயுவின் வேலை, அந்தக் கட்டம் அவளுக்கு முடிந்திருக்கும். தையலைச் சுற்றி மரத்துப்போனது போலவும், இடையிடையே சுருக்கென்றும் இருப்பது வெட்டுப்பட்ட சிறு நரம்புகள் துளிர்ப்பதால். அது மாதக்கணக்கில் இருந்தாலும் பயப்பட வேண்டாம். பின்னாளில், மாதவிலக்கு திரும்பிய பிறகு, ஒவ்வொரு மாதமும் அந்த நாட்களில் மட்டும் தழும்பு வீங்கி வலித்தால் அதைத் தனியாகக் காட்ட வேண்டும். கர்ப்பப்பையின் உட்சவ்வுத் துணுக்கு தழும்பில் தங்கி வளர்வதாலும் அப்படி ஆகும்.

எழுந்து உட்காரும்போதுதான் கண் கலங்குகிறாள் என்று எழுதியிருப்பதால் அவள் படுத்திருப்பது எதில் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. நம் பக்கத்து வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குக் கயிற்றுக் கட்டில் போட்டுக் கொடுப்பார்கள், அல்லது பாயை விரித்துத் தரையில் விடுவார்கள். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்து உடம்பைத் தொட்டில் போல மடக்கும். அதிலிருந்து எழ வேண்டுமானால் அடிவயிற்றைத்தான் இறுக்க வேண்டும். தரையிலிருந்து எழுவது அதைவிடக் கடினம். பலகைக் கட்டிலோ, முழங்கால் உயரமுள்ள பெஞ்சோ இருந்தால் நல்லது. எழும் முறையை அவளுக்கு ஒருமுறை செய்து காட்டுங்கள்: மல்லாந்த நிலையில் முதலில் இரண்டு முழங்கால்களையும் மடக்க வேண்டும், பிறகு தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்துப் படுக்க வேண்டும், கால்களைக் கட்டிலின் ஓரத்தில் தொங்கவிட்டுக்கொண்டே, மேல் கையின் உள்ளங்கையைப் படுக்கையில் ஊன்றித் தள்ளி எழ வேண்டும். மூச்சைப் பிடிக்காமல், வெளியே விட்டுக்கொண்டே எழ வேண்டும். இருமும்போதும் சிரிக்கும்போதும் ஒரு சின்னத் தலையணையையோ மடித்த போர்வையையோ தையல்மேல் வைத்து அழுத்திக்கொள்ளலாம். கூனி நடப்பது வலிக்கு அஞ்சி உடல் கற்றுக்கொண்ட பழக்கம். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் நிமிர்ந்து, வீட்டுக்குள்ளேயே நாலைந்து முறை நடக்கச் சொல்லுங்கள். காலில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளில் செலவில்லாதது இந்த நடைதான். பால் கொடுக்கும்போதும் பிள்ளையின் பாரம் தையலில் விழாதபடி ஒருக்களித்துப் படுத்தோ, பிள்ளையை அக்குளுக்கடியில் இடுக்கிக்கொண்டோ கொடுக்கலாம்.

தண்ணீரைப் பற்றிய பயத்தை இன்றே விட்டுவிடுங்கள். சீழ் வைப்பது கிருமியால்; குடிக்கும் தண்ணீர் வயிற்றுத் தையலுக்குப் போய்ச் சேரும் வழியே உடம்பில் கிடையாது. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் அதிகம், சித்திரை வைகாசியில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் இன்னும் அதிகம். தண்ணீரை அளந்து கொடுத்தால் சிறுநீர் கடுக்கும், மலம் இறுகும்; முக்கும்போது தையல் வலிக்கும், அந்த வலிக்கு அஞ்சி அடக்குவாள், அதனால் இன்னும் இறுகும். போதாக்குறைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும். அதற்காக அதை நிறுத்தக்கூடாது, பிரசவத்துக்குப் பிறகு 180 நாட்கள் போட வேண்டும். அதோடு கொடுக்கும் கால்சியம் மாத்திரையை ஒரே வேளையில் சேர்த்துப் போடாமல் வேறு வேளைக்குத் தள்ளுங்கள், இரண்டும் ஒன்றையொன்று தடுக்கும். பத்தியம் என்று பழம், தயிர், கீரை, காய் எல்லாவற்றையும் நிறுத்தி, மிளகு ரசமும் சோறும் மட்டும் கொடுப்பதுதான் எனக்கு வருத்தமான விஷயம். சதை ஒட்டப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, மீன், கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும், ஒரு கை வறுத்த மல்லாட்டை எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். புண்ணுக்கு ஆகாது என்று ஒதுக்கி வைக்கும் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கும் தையலுக்கும் ஒரு பகையும் இல்லை. பிரசவ லேகியம் அளவோடு என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

குளிக்கும் விஷயத்தில் ஒன்று. கொதிக்கக் கொதிக்க வெந்நீரை அடிவயிற்றில் வீசி அடித்து ஊற்றுவதை இவளுக்குச் செய்யாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் தினமும் குளிக்கலாம்; தையலைத் தேய்க்காமல் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, வயிற்று மடிப்பில் வியர்வை தங்காமல் காற்றுப் பட விட வேண்டும். மஞ்சள், சாம்பல், தேங்காய் எண்ணெய், பவுடர் எதையும் அதன்மேல் போட வேண்டாம். பழைய புடவையால் வயிற்றைக் கட்டுவது லேசாக இருந்தால் நடக்க இதமாக இருக்கும், தவறில்லை. தொப்பை குறைய வேண்டும் என்று மூச்சு முட்ட இறுக்குவதால் தொப்பை குறையாது, அழுத்தம் கீழே இறங்கி, கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத் தரைத் தசையைத்தான் தளர்த்தும்.

முதுகு ஊசியைப் பாவம் எல்லோரும் திட்டுகிறார்கள். தண்டுவடம் முடியும் இடத்துக்கும் கீழே, மெல்லிய ஊசியால் ஒரே ஒருமுறை போடப்படும் அந்த மருந்து சில மணி நேரத்தில் தன் வேலையை முடித்துவிடும். குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். சிலருக்கு முதல் சில நாட்களில், எழுந்து உட்கார்ந்தால் பிளப்பது போலவும் படுத்தால் தணிவதாகவும் தலைவலி வரும், அதற்குத் தனி வைத்தியம் உண்டு. ஆனால் காலமெல்லாம் நிற்கும் இடுப்பு வலிக்கு அது காரணமில்லை; ஊசியே போடாமல் சுகப்பிரசவமான பெண்களுக்கும் அதே இடுப்பு வலி வருகிறது. கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டுப் பிணைப்புகள், இழுபட்ட வயிற்றுத் தசை, சுவரில் சாயாமல் குனிந்தே பால் கொடுப்பது ஆகியவையே காரணம். முதுகுக்கு ஒரு தலையணையும் மடிக்கு ஒரு தலையணையும் கொடுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறேன்: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையல் சிவந்து சூடாகி நீரோ சீழோ கசிவது, துர்நாற்றமுள்ள தீட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் நனையும் ரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலிப்பது. மூச்சுத் திணறலோ, நெஞ்சு வலியோ, கண் மங்கலோடு கடுமையான தலைவலியோ இருந்தால் 108ஐ அழையுங்கள். வலி ஒருபுறமிருக்க, இரண்டு வாரத்துக்குப் பிறகும் காரணமில்லாமல் அழுகிறாள், தூங்க வாய்ப்பிருந்தும் தூங்கவில்லை, பிள்ளைமேல் ஒட்டுதல் இல்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் மருந்து இருக்கிறது.

வேலை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆறு வாரம் வரை பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம்; தண்ணீர்க் குடம், சிலிண்டர், ஊறவைத்த துணி வாளி எல்லாம் அதில் அடங்கும். 42ஆம் நாள் பரிசோதனைக்குப் பிறகு வீட்டு வேலைகளைப் படிப்படியாகச் செய்யலாம். கம்பெனிக்கு அவசரப்பட வேண்டாம்: மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்திலிருந்து முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, இ.எஸ்.ஐ. பிடித்தம் இருப்பவர்களுக்கு அந்தப் பணம் இ.எஸ்.ஐ. வழியாக வரும். திரும்பிப் போகும்போது முதல் சில வாரம் அட்டைப்பெட்டி தூக்கும் இடத்தில் நிறுத்தாமல் மெஷினிலேயே உட்காரக் கேட்கச் சொல்லுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து நிமிர்ந்து இரண்டு நிமிடம் நடக்க வேண்டும்.

விடுப்புக்கு எழுதும்போது டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை மட்டும் கொடுங்கள். அசலை வீட்டில் பத்திரமாக வையுங்கள். கர்ப்பப்பையை எந்தத் திசையில் கீறினார்கள் என்பது அந்தத் தாளில்தான் இருக்கும். அடுத்த பிள்ளை சுகப்பிரசவமாகப் பிறக்க முயலலாமா என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு வருட இடைவெளி வேண்டும் என்பதால், அதற்கான கருத்தடை முறையையும் 42ஆம் நாளிலேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.